அசைன்மென்டில் ஏஐ உதவி: எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது

சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், கிளாட் என்று எதைப் பயன்படுத்தினாலும், அதைப் பற்றி அசைன்மென்டில் சொல்ல இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பயன்பாட்டுக் குறிப்பு. எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று நீங்களே கட்டுரையின் தொடக்கத்திலோ முடிவிலோ எழுதும் சிறு பத்தி அது. மற்றொன்று மேற்கோள். ஏஐ எழுதிய வாசகத்தைக் கட்டுரைக்குள் எடுத்தாண்டால் அந்த இடத்தில் போடும் குறியும், பின்னால் துணைநூற்பட்டியலில் வரும் பதிவும் இதில் அடங்கும். மாணவர்கள் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டியலில் சாட்ஜிபிடியின் பெயரைச் சேர்த்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான அசைன்மென்டுகளுக்குத் தேவைப்படுவது முதலாவதுதான். இரண்டாவது எப்போதாவதுதான் வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது அனுமதி. ஏஐ கூடாது என்று சொன்ன இடத்தில் பயன்படுத்திவிட்டு எவ்வளவு நேர்மையாகக் குறிப்பு எழுதினாலும் அது விதிமீறல்தான். அசைன்மென்டுக்கான வினாத்தாள் அல்லது வழிகாட்டித் தாள், பாடத்தின் கையேடு, துறையின் விதி, பல்கலைக்கழகத்தின் பொது விதி என்ற வரிசையில் தேடுங்கள். முரண்பாடு இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்காத வரையில் அசைன்மென்டுத் தாளில் உள்ள கட்டுப்பாட்டையே பின்பற்றுங்கள். லண்டனில் உள்ள யூசிஎல் பல்கலைக்கழகம் அசைன்மென்டுகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது: ஏஐ கூடவே கூடாது, துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏஐயைப் பயன்படுத்துவதே அந்த அசைன்மென்டின் ஒரு பகுதி. ஒரே மாணவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு பாடங்களில் இரண்டு விதமான விதி இருக்கலாம் என்பதே இதன் பொருள். போன செமஸ்டரில் சரியாக இருந்தது இந்த செமஸ்டரிலும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யுஜிசியின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் 2018இல் வந்தவை. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30 அன்று. ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை போன்றவற்றுக்கான அந்த விதிமுறைகள் ஒப்புமை அளவை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை) வைத்துக் கணக்கிடுகின்றன: 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை ஒரு நிலை, அதைத் தாண்டினால் ஒரு நிலை. ஏஐ எழுதும் வாசகம் பழைய கட்டுரைகளோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதில்லை என்பதால் ஒப்புமை குறைவாகவே வரும். ‘எனக்கு ஏழு சதவீதம்தான் காட்டியது’ என்பது ஏஐ பற்றிய கேள்விக்குப் பதில் ஆகாது.

விதி எதுவும் சொல்லாமல் இருந்தால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘ஏஐ பயன்படுத்தலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். ‘என் வரைவில் இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்காட்ட மட்டும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தினால் குறிப்பை எங்கே எழுத வேண்டும்?’ என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள்.

வேலை நடக்கும்போதே பதிவு

குறிப்பு எழுதுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கான தகவல் கையில் இருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் இரவில் உட்கார்ந்து, மூன்று வாரம் முன்பு எந்த மாடலிடம் என்ன கேட்டோம் என்று யோசித்தால் நினைவுக்கு வராது. எனவே அசைன்மென்ட் ஃபோல்டரிலேயே ஒரு தனி ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்களை எழுதி வையுங்கள்: தேதி, கருவியும் மாடலும், நீங்கள் கொடுத்த பிராம்ப்ட், அது தந்த பதில், அந்தப் பதிலை நீங்கள் என்ன செய்தீர்கள். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் முக்கியமாகக் கேட்பதும் அதைத்தான். ‘ஐந்து துணைத்தலைப்புகள் தந்தது. இரண்டை எடுத்தேன், வரிசையை மாற்றினேன், மற்றவை பாடத்துக்குப் பொருந்தவில்லை’ என்ற அளவில் இருந்தால் போதும்.

கருவியின் பெயர் மட்டும் போதாது, மாடலும் வேண்டும். இரண்டு பேரும் சாட்ஜிபிடி என்றே சொன்னாலும், ஒருவர் பயன்படுத்தியது ஜிபிடி-4ஓ, மற்றவர் பயன்படுத்தியது வேறொன்றாக இருக்கலாம். மாடலின் பெயர் திரையில் தெரிகிறபோதே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் அந்த மாடலே விலக்கப்பட்டிருக்கலாம்.

உரையாடலைக் கருவியின் பக்கத்திலேயே விட்டுவைப்பதை நம்ப வேண்டாம். தற்காலிக உரையாடலாகத் திறந்திருந்தால் அது வரலாற்றில் நிற்காது. பகிர்வு இணைப்பு எடுத்து வைத்தாலும், சாட்ஜிபிடியில் மூல உரையாடலை அழித்தால் அந்த இணைப்பும் செத்துவிடும். இணைப்பு எடுத்த பிறகு தொடர்ந்து பேசியது அதில் வராது. உரையாடலை முழுதாக நகலெடுத்து உங்கள் ஃபைலில் ஒட்டுங்கள், அல்லது பிடிஎஃபாகச் சேமியுங்கள். பகிர்வு இணைப்பைக் கையில் வைத்திருக்கும் யாரும் அதைப் படிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நேர்காணல் தந்தவரின் பெயரோ, உங்கள் மருத்துவ விவரமோ அதே உரையாடலில் இருந்தால் இணைப்பைத் தராதீர்கள். நேர்காணல் பதிவுகளை அப்படியே ஏஐயில் ஏற்றுவதே ஆய்வு நெறிமுறைப்படி தனிச் சிக்கல். குறிப்பு எழுதி அதைச் சரிசெய்துவிட முடியாது.

குறிப்பை எழுதும் விதம்

ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். தலைப்பு: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சென்னையின் 2015 வெள்ளமும். மாணவர் இப்படி எழுதுகிறார்:

‘இக்கட்டுரையில் ஏஐ உதவி பெறப்பட்டது.’

இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பயனும் இல்லை. மதிப்பெண் போடுபவர் இதை ‘முழுக் கட்டுரையையும் ஏஐ எழுதியிருக்கலாம்’ என்றும் படிக்கலாம், ‘ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கலாம்’ என்றும் படிக்கலாம். சந்தேகம் வந்தால் முதலாவதாகத்தான் படிப்பார். ‘மேம்படுத்த’, ‘ஆய்வுக்கு உதவியாக’, ‘யோசனைகளுக்காக’ போன்ற சொற்களும் இதே ரகம்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குத் தந்திருக்கும் மாதிரி பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன் அமைப்பு எளிமையானது: கருவி எது, எதற்காக, என்ன பிராம்ப்ட், வந்த பதிலை எப்படிப் பயன்படுத்தினீர்கள். அதன்படி எழுதினால் மேலே உள்ள வரி இப்படி ஆகும்:

‘இக்கட்டுரைக்காக ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடியை (ஜிபிடி-4ஓ) 2025 மார்ச் 3, 5 ஆகிய நாள்களில் பயன்படுத்தினேன். முதல் நாள், “பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு குறைந்ததற்கும் 2015 வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பை எந்தக் கோணங்களில் ஆராயலாம்?” என்று கேட்டேன். வந்த ஆறு கோணங்களில் நிலப்பயன்பாடு, வடிகால் ஆகிய இரண்டை எடுத்துக்கொண்டேன். அவற்றுக்கான தரவுகளும் வாதங்களும் நானே தேடி எழுதியவை. இரண்டாம் நாள், என் வரைவின் மூன்றாம் பகுதியைக் கொடுத்து, தெளிவில்லாத வாக்கியங்களைச் சுட்டிக்காட்டச் சொன்னேன். அது சுட்டிய நான்கு வாக்கியங்களை நானே திருத்தி எழுதினேன். ஏஐ எழுதிய வாக்கியம் எதுவும் கட்டுரையில் இல்லை. உரையாடல் முழுவதும் பின்னிணைப்பு 1இல் உள்ளது.’

எந்தப் பகுதியில் ஏஐ இருந்தது, எந்தப் பகுதியில் இல்லை என்று இரண்டும் இதில் தெரிகின்றன. ‘எழுதியது நானே’ என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கும் இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். மாறாக, ஏஐ எழுதிய இரண்டு வாக்கியங்கள் உள்ளே இருந்தால் கடைசிக்கு முந்தைய வரியை எழுத முடியாது. அந்த வாக்கியங்களுக்கு மேற்கோள் குறி வேண்டும்.

இருபது முப்பது பிராம்ப்ட்கள் இருந்தால் எல்லாவற்றையும் குறிப்பில் அடுக்க வேண்டாம். வேலைவாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராம்ப்டைக் காட்டி, மீதியைப் பின்னிணைப்புக்கு அனுப்புங்கள். குறிப்பும் பின்னிணைப்பும் சொல் வரம்பில் சேருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; பல இடங்களில் சேராது. சில துறைகள் ஏஐ பயன்படுத்தாதவர்களிடமும் ‘பயன்படுத்தவில்லை’ என்று ஒரு வரி எழுதச் சொல்கின்றன. கேட்டால் எழுதுங்கள், கேட்காத இடத்தில் வலிந்து எழுத வேண்டியதில்லை.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு

தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். தமிழில் வரைவு எழுதி, அதைக் கூகுள் டிரான்ஸ்லேட்டிலோ சாட்ஜிபிடியிலோ போட்டு ஆங்கிலமாக்கிச் சமர்ப்பிக்கிறார்கள். கருத்தெல்லாம் தங்களுடையது என்பதால் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள்.

ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுவது அகராதியைப் புரட்டுவது மாதிரி. அதை யாரும் குறிப்பில் எதிர்பார்ப்பதில்லை. இலக்கணத் திருத்தம் இடத்துக்கு இடம் மாறும். பொறியியல் ஆய்விதழ்களை வெளியிடும் ஐஇஇஇ, மொழித் திருத்தத்துக்கு ஏஐ பயன்படுத்துவதைப் பொதுவான வழக்கம் என்று ஏற்றுக்கொண்டு, ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது என்கிறது. அசைன்மென்டுக்கும் அதுவே பாதுகாப்பான வழி. முழுப் பத்தியை மொழிபெயர்ப்பதும் மாற்றி எழுதுவதும் வேறு. சமர்ப்பிக்கும் வாக்கியங்கள் உங்கள் கையிலிருந்து வரவில்லை என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும். மொழித்திறனுக்கே மதிப்பெண் உள்ள பாடமாக இருந்தால் அனுமதி இல்லாமல் செய்யவே கூடாது. அனுமதியோடு மொழிபெயர்த்திருந்தால் தமிழ் வரைவைத் தேதியோடு சேமித்து வையுங்கள். கருத்து உங்களுடையது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இதில் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் பிராம்ப்டின் சொற்கள். ‘இதைச் சரிசெய்து தா’ என்று கேட்டால் ஏஐ பிழையை மட்டும் திருத்திவிட்டு நிற்பதில்லை. வாக்கியத்தைப் பிரிக்கும், சேர்க்கும், நீங்கள் சொல்லாத ஒரு காரணத்தையும் நடுவில் நுழைக்கும். பிறகு குறிப்பில் ‘இலக்கணத் திருத்தம் மட்டும்’ என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது. ‘பிழைகளை மட்டும் பட்டியலிடு, ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று சொல், வாக்கியத்தை மாற்றி எழுதாதே’ என்று கேளுங்கள். திருத்தத்தை உங்கள் கையால் செய்யுங்கள். கிராமர்லி போன்றவையும் இப்போது எழுத்துப்பிழை பார்ப்பதோடு நிற்பதில்லை. பத்தியையே மாற்றி எழுதும் வசதி அவற்றில் உண்டு. எந்த வசதியைப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பில் பிரித்துச் சொல்லுங்கள்.

தமிழ் நூலிலிருந்தோ நாளிதழிலிருந்தோ ஒரு பகுதியை ஏஐ கொண்டு ஆங்கிலமாக்கி மேற்கோளாகத் தந்தால், மேற்கோள் மூல நூலுக்கே உரியது. அடிக்குறிப்பில் ‘மொழிபெயர்ப்பு: சாட்ஜிபிடி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியவர் கட்டுரையாளர்’ என்று சேர்த்தால் போதும். ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த வரியை எழுதாதீர்கள்.

மேற்கோள் எப்போது வேண்டும்

பள்ளிக்கரணை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்று ஏஐ சொல்கிறது. தகவல் சரிதான். ஆனாலும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘ஓப்பன்ஏஐ, 2025’ என்று போட்டால் மதிப்பெண் குறையும். தகவலின் மூலம் ஏஐ அல்ல. ராம்சர் அமைப்பின் பக்கத்தையோ அரசின் அறிவிப்பையோ படித்து அதைக் காட்ட வேண்டும். பெர்ப்ளெக்ஸிட்டி, கூகுளின் ஏஐ சுருக்கம் போன்றவை இணைப்புகளோடு பதில் தருகின்றன. அங்கேயும் அந்த இணைப்பைத் திறந்து, சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டுங்கள். திறக்காத பக்கத்தைப் பட்டியலில் சேர்ப்பது ஏஐ வருவதற்கு முன்பும் தவறுதான்.

ஏஐக்கே மேற்கோள் தர வேண்டியது அதன் வாசகமே உங்கள் ஆய்வுப்பொருளாக இருக்கும்போது. பள்ளிக்கரணையைப் பற்றி ஏஐ எழுதும் தலையங்கத்தையும் நாளிதழ்த் தலையங்கத்தையும் ஒப்பிடும் கட்டுரை என்றால், ஏஐயின் வரிகளை மேற்கோள் குறிக்குள் அப்படியே தர வேண்டும். அது எழுதிய வரையறையையோ வாக்கியத்தையோ மாற்றாமல் எடுத்தாளும்போதும் அப்படித்தான்.

வடிவம் எந்த மேற்கோள் முறை என்பதைப் பொறுத்தது. ஏபிஏ முறையில் நிறுவனம்தான் ஆசிரியர். 2023 ஏப்ரலில் அவர்கள் தந்த வடிவம் இப்படி அமையும்:

ஓப்பன்ஏஐ. (2025). சாட்ஜிபிடி (ஜிபிடி-4ஓ) [பெருமொழி மாதிரி]. கருவியின் இணைய முகவரி

கட்டுரைக்குள் (ஓப்பன்ஏஐ, 2025). ஆண்டு என்பது நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு. 2025இல் ஏபிஏ தன் விளக்கத்தைப் புதுப்பித்து, பகிர்வு இணைப்பு உள்ள தனி உரையாடலையும் மேற்கோள் காட்ட வழி செய்தது. அப்போது முழுத் தேதியும் உரையாடலின் தலைப்பும் வரும்:

ஓப்பன்ஏஐ. (2025, மார்ச் 5). பள்ளிக்கரணைத் தலையங்கம் [ஏஐ உரையாடல்]. சாட்ஜிபிடி. உரையாடலின் இணைய முகவரி

எம்எல்ஏ முறை ஏஐயை ஆசிரியராக ஏற்பதில்லை. ஆசிரியர் இடத்தை விட்டுவிட்டு பிராம்ப்டையே தலைப்பாக வைக்கிறார்கள்:

“பள்ளிக்கரணையை மீட்பது பற்றி ஒரு தலையங்கம் எழுது” பிராம்ப்ட். சாட்ஜிபிடி, ஜிபிடி-4ஓ, ஓப்பன்ஏஐ, 5 மார்ச் 2025, இணைய முகவரி.

கட்டுரைக்குள் பிராம்ப்டின் முதல் சில சொற்களை அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். சிகாகோ முறையில் அடிக்குறிப்பே போதும்: ‘சாட்ஜிபிடி உருவாக்கிய உரை, ஓப்பன்ஏஐ, மார்ச் 5, 2025, இணைய முகவரி’. மற்றவர் திறந்து படிக்கக்கூடிய இணைப்பு இருந்தால் ஒழிய நூற்பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. ஹார்வர்டு முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். உங்கள் நூலகத்தின் வழிகாட்டியைத்தான் பார்க்க வேண்டும். எந்த முறையானாலும் சாட்ஜிபிடியைக் கட்டுரையின் இணையாசிரியராகப் போடாதீர்கள். எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக முடியாது என்று பதிப்பு நெறிமுறை அமைப்பான கோப் 2023இலேயே சொல்லிவிட்டது.

மேற்கோள் வடிவத்தை ஏஐயிடமே கேட்டு ஒட்டுபவர்கள் உண்டு. மாடலின் பெயரையும் தேதியையும் அது தவறாகச் சொல்ல வாய்ப்பு அதிகம். உங்கள் பதிவு ஃபைலிலிருந்து நிரப்புங்கள்.

இல்லாத நூல்கள்

அசைன்மென்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குறிப்பு அல்ல, துணைநூற்பட்டியல்தான். ஏஐ தரும் கட்டுரைத் தலைப்பு நம்பும்படி இருக்கும், ஆசிரியர் அந்தத் துறையில் உண்மையாகவே எழுதுபவராக இருப்பார், ஆய்விதழும் உண்மை. ஆனால் அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அவர்களில் ஒருவர் அந்தத் தீர்ப்பு உண்மையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார், அது ஆம் என்றது. அதனால் ஏஐயை வைத்து ஏஐயைச் சரிபார்க்காதீர்கள்.

தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய இணைய அடையாள எண்) இருந்தால் அதைத் திறந்து, வருவது அதே கட்டுரைதானா என்று பாருங்கள். எண் செல்லுபடியாகும், ஆனால் திறந்தால் வேறு யாருடைய கட்டுரையோ வரும் என்பது வழக்கமாக நடப்பது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடு என்றால் ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் தேடுங்கள். தமிழ் இலக்கியக் கட்டுரைகளில் பாடல் எண்ணும் புலவர் பெயரும் மாறிப்போகும். குறுந்தொகை 40ஆம் பாடல் செம்புலப்பெயல்நீரார் பாடியது. இதைப் போன்ற ஒவ்வொன்றையும் அச்சுப் பதிப்பை விரித்து வைத்தே சரிபார்க்க வேண்டும்.

படமும் நிரலும்

ஏஐ உருவாக்கிய படத்துக்கு, படத்தின் கீழ் விளக்கத்திலேயே கருவி, பிராம்ப்ட், தேதி மூன்றும் வர வேண்டும். பின்னிணைப்பில் ஒளித்து வைக்கக் கூடாது. நிரலில், ஏஐ எழுதிய பகுதிக்கு மேலே கமென்ட் வரியாக அதையே எழுதி, நீங்கள் மாற்றியது என்ன, எப்படிச் சோதித்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். குழுவாகச் செய்யும் புராஜெக்டில் யார் எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினார் என்று பெயர்வாரியாக எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் செய்ததற்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

விசாரணைக்கு அழைத்தால்

ஏஐயைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் தவறும். ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிடின் மென்பொருள் 20 விழுக்காட்டுக்குக் கீழ் வரும் அளவை எண்ணாகக் காட்டாமல் நட்சத்திரக் குறியோடு நிறுத்திக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் 91 டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை ஏஐ எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவதே அவற்றின் கண்ணுக்கு ஏஐ போலத் தெரிகிறது. நம் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஆகவே ஏஐ தொடாத கட்டுரைக்கும் தடயம் இருக்கட்டும். கூகுள் டாக்ஸிலோ வேர்டின் ஒன்டிரைவிலோ ஒரே ஃபைலில் தொடக்கம் முதல் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகச் சேரும். வேறெங்கோ எழுதி முழுதாகக் கொண்டுவந்து ஒட்டினால் வரலாற்றில் ஒரே பாய்ச்சலாகத் தெரியும். விசாரணைக்கு அழைத்தால் பதிப்பு வரலாறு, கையெழுத்துக் குறிப்புகள், பதிவு ஃபைல், படித்த கட்டுரைகளின் பிரதிகள் ஆகியவற்றோடு போங்கள். கட்டுரையின் எந்தப் பத்தியையும் வாய்மொழியாக விளக்கத் தயாராக இருங்கள். பெரும்பாலும் கேட்பது அதைத்தான்.

சமர்ப்பித்த பிறகுதான் குறிப்பு விட்டுப்போனது தெரிகிறது என்றால், மதிப்பெண் வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆசிரியருக்கு எழுதுங்கள். கடைசித் தேதி தாண்டாவிட்டால் குறிப்பைச் சேர்த்து மீண்டும் சமர்ப்பிக்கலாமா என்று கேளுங்கள்; தாண்டிவிட்டால் குறிப்பை மின்னஞ்சலிலேயே முழுதாக எழுதி, பதிவு ஃபைலை இணைத்து அனுப்புங்கள்.